கடவுளைச் சாட்சிக்கு இழுக்கலாமா அரசு?

அயர்லாந்தில் கடவுள் நம்பிக்கை இல்லாத ஒருவர் குடியரசுத் தலைவர் ஆகலாமா? தாராளமாக ஆகலாம். தேர்தலில் நிற்க எந்தத் தடையும் கிடையாது. வென்ற பிறகுதான் சிக்கல். எல்லாம் வல்ல இறைவனின் முன்னிலையில் என்று தொடங்கி, தன்னை வழிநடத்தும்படி அந்த இறைவனையே வேண்டி முடிக்கும் உறுதிமொழியை அவர் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். 1937-ல் இயற்றப்பட்ட அந்நாட்டு அரசமைப்புச் சட்டத்தில் மாற்று வாசகம் இல்லை. நீதிபதிகளும் கடவுளை அழைத்தே பொறுப்பேற்க வேண்டும்.

மாற்று வாசகம் வேண்டும் என்று 1996-ல் அரசமைப்பை ஆராய்ந்த குழு சொன்னது. 2014-ல் ஐ.நா. மனித உரிமைக் குழுவும் இந்த உறுதிமொழி குறித்துக் கவலை தெரிவித்தது. தெய்வ நிந்தனையைக் குற்றமாக்கும் பிரிவை 2018-ல் ஐரிஷ் மக்கள் வாக்களித்தே நீக்கினார்கள். பதவியேற்பு வாசகம் மட்டும் அசையவில்லை. அரசியலர்கள் சிலர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார்கள். 2021-ல் அந்த மனு விசாரணைக்கே ஏற்கப்படவில்லை. ஆக, உண்மையாக நடப்பேன் என்று நாட்டுக்கு வாக்குக் கொடுக்கும் அந்த நிமிடத்தில், நாத்திகர் ஒருவர் தான் நம்பாத ஒன்றைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும்.

இந்தச் சங்கடம் நமக்கு இல்லை. இந்திய அரசமைப்பின் மூன்றாம் அட்டவணையில், ‘கடவுள் பெயரால் ஆணையிடுகிறேன்’ என்பதும் ‘உளமார உறுதி கூறுகிறேன்’ என்பதும் ஒன்றுக்கொன்று மாற்றாகவே அச்சிடப்பட்டுள்ளன. இரண்டில் எதையும் சொல்லலாம். சட்டத்தின் முன் இரண்டும் ஒன்று. இரண்டாவது வாசகம் நாத்திகர்களுக்காகப் போனால் போகிறதென்று தரப்பட்ட சலுகை என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். வரலாற்றைப் புரட்டினால் வேறு கதை தெரிகிறது. கடவுள் பெயரைச் சொல்லி ஆணையிட மாட்டேன் என்று முதலில் முரண்டுபிடித்தவர்கள் கடவுளை ஆழமாக நம்பியவர்கள்.

பக்தர்கள் போட்ட பாதை

இங்கிலாந்தில் 17-ம் நூற்றாண்டில் தோன்றிய குவேக்கர்கள் தீவிரக் கிறிஸ்தவர்கள். எதன் மீதும் ஆணையிடாதே, ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை என்று சொல் என்ற இயேசுவின் போதனையை எழுத்துக்கு எழுத்து கடைப்பிடித்தார்கள். ஆணையிட்டால்தான் ஒருவன் உண்மை பேசுவான் என்று ஒப்புக்கொள்வது, மற்ற நேரங்களில் பொய் பேசலாம் என்று ஒப்புக்கொள்வதற்குச் சமம் என்பது அவர்கள் வாதம். அதற்காகச் சிறைக்கும் போனார்கள். 1832 தேர்தலில் வென்ற ஜோசப் பீஸ் என்ற குவேக்கர், மறு ஆண்டு ஆணையிடாமல் உறுதிமொழி மட்டும் கூறி பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அமர்ந்தார்.

இந்தியாவிலும் இதே கதைதான். கிழக்கிந்திய கம்பெனி நீதிமன்றங்களில் இந்துக்கள் கங்கை நீரின் மீதும், முஸ்லிம்கள் குர்ஆன் மீதும் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. இதனால் நீதி பரிபாலனம் கெட்டது. காரணம், அது தங்கள் மனசாட்சிக்கு விரோதமானது என்று மக்கள் கருதினார்கள். 1840-ல் கம்பெனி அரசு கொண்டுவந்த சட்டத்தின் முன்னுரையே இதை ஒப்புக்கொள்கிறது. அந்தச் சட்டம் கங்கை நீரையும் குர்ஆனையும் அகற்றிவிட்டு, இறைவன் முன்னிலையில் உறுதி கூறும் பொது வாசகம் ஒன்றைத் தந்தது. புனிதப் பொருளை நீதிமன்றத்திலிருந்து வெளியேற்றியது பகுத்தறிவாளர் யாரும் அல்லர். அந்தப் பொருளின் புனிதத்தைப் பெரிதாக மதித்தவர்கள்.

பிறகு 1873-ல் வந்த பிரமாணச் சட்டத்தில் இன்னொரு வினோதம் இருந்தது. வழக்கில் ஒரு தரப்பு, ‘எதிரி இன்ன முறையில் சத்தியம் செய்தால் அவர் சொல்வதை நான் ஏற்கிறேன்’ என்று சவால் விடலாம். எதிரி அப்படியே சத்தியம் செய்துவிட்டால் அதுவே முடிந்த முடிவான சாட்சியம். ஊர்ப் பஞ்சாயத்தில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யும் வழக்கத்துக்கு ஆங்கிலேயர் சட்டம் கொடுத்த நாற்காலி இது. ஆனால், மூன்றாம் மனிதரைப் பாதிக்கும் சத்தியம் கூடாது என்று அதிலேயே நிபந்தனை உண்டு. பிள்ளையின் தலையில் அடித்துச் செய்யும் சத்தியம் செல்லாது! 1969-ல் வந்த புதிய பிரமாணச் சட்டம் இந்தச் சவால் முறையைக் கைவிட்டது. சினிமா நீதிமன்றங்களில் கீதை மீது கைவைத்துச் சத்தியம் வாங்குவதைப் பார்த்தே வளர்ந்தவர்களுக்கு ஒரு செய்தி: 1969 சட்டத்தில் எந்தப் புனித நூலின் பெயரும் இல்லை.

நார்த்தாம்ப்டனின் உறுப்பினர்

நாத்திகர்களின் முறை பிறகுதான் வருகிறது. 1880-ல் நார்த்தாம்ப்டன் தொகுதியில் வென்ற சார்லஸ் பிராட்லா, லண்டனில் தேசிய மதச்சார்பற்றோர் சங்கத்தை நிறுவியவர். நாத்திகர் என்று ஊரறியச் சொன்னவர். ஆணையிடுவதற்குப் பதிலாக உறுதி கூற அனுமதிக்க வேண்டும் என்று கேட்டார். அந்தச் சலுகை குவேக்கர்களைப் போன்றவர்களுக்குத்தான் என்று அவை மறுத்தது. ‘சரி, எல்லோரையும் போல ஆணையே இடுகிறேன்’ என்றார். ‘கடவுளை நம்பாத உம்முடைய ஆணைக்கு ஏது மதிப்பு?’ என்று அதையும் மறுத்தது. அவையை விட்டு வெளியேற மறுத்தவரை நாடாளுமன்ற மணிக்கூண்டு அறையில் ஓர் இரவு அடைத்துவைத்தார்கள். மறு ஆண்டு ஆகஸ்டில் அவைக்குள் நுழைய முயன்றவரைக் காவலர்களும் அவை ஊழியர்களும் குண்டுக்கட்டாக வெளியே தள்ளினார்கள்; இழுபறியில் அவருடைய கோட்டு கிழிந்தது. 1882 பிப்ரவரியில் விறுவிறுவென்று அவையின் மேசைக்கு நடந்துபோய், கையோடு கொண்டுவந்த பைபிளை எடுத்து, யாரும் கேட்காமலேயே தனக்குத் தானே ஆணை செய்துவைத்துக்கொண்டார். அவை அவரைப் பதவிநீக்கியது. தொகுதி மக்கள் அவரையே மீண்டும் மீண்டும் தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள்.

இதில் பிராட்லாவின் பக்கம் நின்றவர்களில் முக்கியமானவர் பிரதமர் கிளாட்ஸ்டன். ஆழ்ந்த மதப்பற்று உள்ளவர். உறுதிமொழி உரிமையை எல்லோருக்கும் விரிக்கும் மசோதாவுக்காக 1883-ல் அவர் அவையில் வாதாடினார். வெறும் மூன்று வாக்குகளில் மசோதா தோற்றது. கடைசியில் 1886-ல் புதிய அவைத் தலைவர் குறுக்கிட மறுத்ததால் பிராட்லா ஆணையிட்டு அமர்ந்தார். இரண்டே ஆண்டுகளில், விரும்பும் எவரும் உறுதி கூறலாம் என்ற 1888-ம் ஆண்டுச் சட்டத்தை அவரே முன்னின்று நிறைவேற்றினார். அவரை வெளியேற்றிய பழைய தீர்மானத்தை 1891 ஜனவரியில் அவை தன் குறிப்பேட்டிலிருந்து அழித்தபோது, அவர் மரணப் படுக்கையில் இருந்தார்.

இந்திய விவகாரங்களுக்காக ஓயாமல் குரல்கொடுத்து ‘இந்தியாவின் உறுப்பினர்’ என்றே பெயரெடுத்தவர் அவர். 1889 பம்பாய் காங்கிரஸ் மாநாட்டுக்கு வந்துபோனார். அப்போது லண்டனில் சட்டம் படித்துக்கொண்டிருந்த காந்தி அவருடைய இறுதிச் சடங்குக்குச் சென்றதைத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். பிராட்லாவின் தோழராக நாத்திகம் பேசிய அன்னி பெசன்ட் பின்னாளில் ஆன்மிகவாதியாகி அடையாறுக்கு வந்து சேர்ந்தது இன்னொரு கிளைக் கதை. பிராட்லா போராடிய அதே 1880-களில் சென்னையில் ‘தத்துவ விவேசினி’ என்ற தமிழ் இதழ் வெளிவந்தது. சென்னை இலௌகிக சங்கத்தார் நடத்திய அந்த இதழுக்கு ஊக்கமே லண்டன் சுதந்திரச் சிந்தனையாளர்கள்தான். பெரியாருக்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு முன்பே இந்த விவாதம் தமிழில் தொடங்கிவிட்டது.

பிராட்லாவின் கதையில் ஒரு முடிச்சு உண்டு. அவருக்கு முன்னும் மத நம்பிக்கை இல்லாதவர்கள் அந்த அவையில் இருந்தார்கள். அவர்கள் வாயைத் திறக்காமல் ஆணையிட்டு அமர்ந்துகொண்டார்கள். தன் நம்பிக்கையின்மையை ஒளிக்காமல் சொன்னவர் மட்டும் ஆறாண்டுகள் போராட வேண்டியிருந்தது. ஜான் ஸ்டூவர்ட் மில் 1859-லேயே தன் ‘சுதந்திரம் பற்றி’ நூலில் இதைச் சுட்டிக்காட்டிவிட்டார். கடவுளை நம்பாதவரின் சாட்சியத்தை ஏற்காத சட்டம், பொய் சொல்லத் தயாரான நாத்திகரை உள்ளே விட்டு, உண்மை பேசும் நாத்திகரை மட்டும் வெளியே நிறுத்துகிறது என்றார். பொய்யரை வடிகட்ட வைத்த சல்லடை, மெய்யரை வடிகட்டிவிட்டு பொய்யரைத் தக்கவைக்கிறது.

வாக்கெடுப்பில் கடவுள்

இந்த அனுபவங்களையெல்லாம் அறிந்தவர்கள்தான் நம் அரசமைப்பு நிர்ணய சபையில் இருந்தார்கள். குடியரசுத் தலைவரின் உறுதிமொழி வரைவில் முதலில் கடவுளின் பெயர் இல்லை. 1948 டிசம்பர் விவாதத்தில் மகாவீர் தியாகி, எச்.வி.காமத் போன்றவர்கள் வலியுறுத்திய பிறகு அது சேர்ந்தது; உறுதிமொழி மட்டும் கூறும் வழியும் கூடவே நின்றது.

அடுத்த ஆண்டு காமத் ஒரு படி மேலே போனார். அரசமைப்பின் முகப்புரையே ‘கடவுளின் பெயரால்’ என்று தொடங்க வேண்டும் என்று 1949 அக்டோபர் 17 அன்று திருத்தம் கொண்டுவந்தார். நம்பிக்கை விஷயத்தில் இது கட்டாயப்படுத்துவதாகும் என்றார் பட்டம் தாணு பிள்ளை. கடவுள் பெயரை நுழைப்பது குறுகிய மனப்பான்மை என்று ஹிருதயநாத் குன்ஸ்ரூ கடுமையாக எதிர்த்தார். கடவுளை வாக்கெடுப்புக்கு விடும் தர்மசங்கடத்தை எங்களுக்குத் தராதீர்கள் என்று பூர்ணிமா பானர்ஜி கேட்டுக்கொண்டார். காமத் விடவில்லை. ஆதரவு 41, எதிர்ப்பு 68. திருத்தம் தோற்றது. எதிர்த்து வாக்களித்த 68 பேரும் நாத்திகர்கள் என்று யாராவது சொன்னால் சிரிப்பார்கள். முகப்புரை பேசுவது ‘இந்திய மக்களாகிய நாம்’ என்ற எல்லோருடைய குரலில். அதில் எல்லோரும் சொல்ல முடியாத ஒன்றைச் சேர்க்கக் கூடாது. பதவி உறுதிமொழி தனி ஒருவரின் குரல். அதில் அவர் நம்புவதை அவர் சொல்லட்டும். இந்த வித்தியாசம் அந்த அவைக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

பல் எங்கே இருக்கிறது?

தமிழ்நாட்டில் ஒவ்வோர் அமைச்சரவை பதவியேற்கும்போதும், யார் ஆண்டவன் மீது ஆணையிட்டார்கள், யார் உளமார உறுதி கூறினார்கள் என்று கணக்கெடுப்பது ஊடகங்களுக்கு வாடிக்கை. 1967-ல் அண்ணா தலைமையில் திமுக ஆட்சிக்கு வந்ததிலிருந்து ‘உளமார’ என்பது அரசியல் அடையாளமாகவே ஆகிவிட்டது. 2021 மே 7 அன்று மு.க.ஸ்டாலினும் அப்படித்தான் பொறுப்பேற்றார். ஆனால், அண்ணா தன்னை நாத்திகர் என்று சொல்லிக்கொண்டவர் அல்லர். திருமூலரின் ஓரிறைக் கருத்தைக் கட்சியின் முழக்கமாக்கியவர். ‘உளமார’ என்றாலே நாத்திகம் என்று முடிச்சுப்போடுவது அவரிடமே பொருந்தவில்லை.

கணக்கெடுக்கிறவர்கள் கவனிக்கத் தவறும் பகுதி அதற்குப் பிறகு வருகிறது. இந்திய இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் நிலைநிறுத்துவேன் என்ற சொற்கள் 1950-ல் அந்த உறுதிமொழியில் இல்லை. 1963-ல் வந்த 16-வது திருத்தம் அவற்றைச் சேர்த்தது. வேட்பாளரும் மனுத்தாக்கலின்போது அப்படி உறுதி கூற வேண்டும் என்றது. பரிந்துரைத்தது சர் சி.பி.ராமசாமி ஐயர் தலைமையிலான குழு. 1947-ல் திருவிதாங்கூர் தனி நாடாகவே இருக்கும் என்று அறிவித்த அதே திவான்! அந்தத் திருத்தத்தின் இலக்கு திராவிட நாடு கோரிக்கை என்பதில் யாருக்கும் ஐயம் இருக்கவில்லை. அதே ஆண்டு திமுக அந்தக் கோரிக்கையைக் கைவிட்டது.

ஒரு பெரும் கட்சியின் கொள்கையையே மாற்றிய அந்த வரியில் கடவுள் இல்லை. உறுதிமொழியின் பல் எங்கே இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? சட்டம் எங்கே கடிக்கும் என்று தெரிந்தவர்கள் அதன் உலகியல் பகுதிக்கே அஞ்சினார்கள்.

மறுபக்கம், மீறல் விஷயத்தில் இரு வாசகங்களுக்கும் ஒரே நிலைதான். 1985-ல் பஞ்சாபைப் போலப் போராட வேண்டும் என்ற பொருள்படப் பேசியதற்காகக் கேரள அமைச்சர் ஆர்.பாலகிருஷ்ண பிள்ளை மீது பதவிப் பிரமாணத்தை மீறியதாக வழக்கு வந்தது. அதற்காக அமைச்சரை நீக்குவது நீதிமன்றத்தின் வேலை இல்லை, நியமித்தவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றது கேரள உயர் நீதிமன்றம். 2022-ல் அரசமைப்பைத் தாக்கிப் பேசியதால் பதவி விலகிய மார்க்சிஸ்ட் அமைச்சர் சஜி செறியான், அடுத்த ஜனவரியிலேயே மீண்டும் அமைச்சரானார். கடவுளைச் சாட்சி வைத்தவர் என்றாலும், உள்ளத்தைச் சாட்சி வைத்தவர் என்றாலும், கேட்பாரில்லாதபோது சத்தியம் சர்க்கரைப் பொங்கல்தான்.

இரு பக்கத்து வற்புறுத்தல்

வாசகத்தில் கடவுள் இருப்பதால் இன்னொரு வில்லங்கமும் வருகிறது. 2001-ல் கொடுங்கல்லூரில் வென்ற உமேஷ் சள்ளியில், ஸ்ரீநாராயண குருவின் பெயரால் ஆணையிட்டார். அவருக்குக் குருவே கடவுள். அது செல்லாது என்றது கேரள உயர் நீதிமன்றம். சட்டப்படி சரியான தீர்ப்பாகவே இருக்கலாம். ஆனால், யார் கடவுள், யார் கடவுள் இல்லை என்று நீதிபதிகள் ஆராய வேண்டிய நிலை வந்ததே, அதுதான் கவனிக்க வேண்டியது. மக்களவையிலும் 2019-ல் பதவியேற்பு மத முழக்கப் போட்டியாகவே ஆனது. 2024-ல் மீண்டும் சர்ச்சை எழுந்த பிறகு, வாசகத்துக்கு முன்னும் பின்னும் ஒரு சொல்லும் சேர்க்கக் கூடாது என்று விதிமுறை திருத்தப்பட்டது.

வற்புறுத்தல் ஆத்திகர் பக்கத்திலிருந்து மட்டும் வருவதில்லை. 2006-ல் கேரளத்தில் ஐஷா போற்றி, எம்.எம்.மோனாயி என்ற இரு மார்க்சிஸ்ட் சட்டமன்ற உறுப்பினர்கள் கடவுள் பெயரால் பதவியேற்றபோது கட்சி அவர்களைக் கண்டித்தது. நம்பாதவரைக் கடவுள் பெயரைச் சொல்லவைப்பது எவ்வளவு தவறோ, நம்புகிறவரை அதைச் சொல்லாதே என்பதும் அவ்வளவே தவறு. இரண்டுமே உறுதிமொழியைப் பொய்யில் தொடங்கவைக்கின்றன.

கடவுள் பெயரை எல்லோருக்கும் நீக்கிவிட்டால் என்ன என்று பகுத்தறிவாளர்கள் கேட்கிறார்கள். அவர்கள் வாதத்தில் வலுவான ஒரு புள்ளி உண்டு. தேர்வு தருவதே ஒருவரைத் தன் நம்பிக்கையை ஊரறியச் சொல்லவைக்கிறது. கிரேக்கத்தில் வழக்கறிஞராகப் பதிவுசெய்ய வந்த ஒருவர், மதம் சாராத உறுதிமொழி எடுக்க வேண்டி, தான் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர் இல்லை என்று வெளிப்படுத்த நேர்ந்தது. அது மனசாட்சிச் சுதந்திரத்தை மீறுவது என்று 2008-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சான் மரினோவில் நற்செய்தி நூலின் மீது ஆணையிட்டால்தான் பதவி என்று உறுப்பினர்களை நிர்பந்தித்ததையும் 1999-ல் அதே நீதிமன்றம் தவறு என்றது. ஆனால், கிரேக்கத்தில் சிக்கல் தேர்வு இருந்ததால் வரவில்லை. ஒன்று வழக்கம், மற்றொன்று விதிவிலக்கு என்றிருந்ததால் வந்தது. இரண்டும் சம நிலையில் நின்று, காரணமே சொல்லாமல் யாரும் எதையும் எடுக்கலாம் என்றால், தேர்விலிருந்து ஒருவரின் நம்பிக்கையை யாரும் ஊகிக்க முடியாது. குவேக்கரும் நாத்திகரும் ஒரே வாசகத்தைச் சொல்வார்கள்.

கூண்டில் நிற்பவருக்கு

அமைச்சர்களுக்குத் தேர்வு இருப்பது ஊருக்கே தெரியும். சாட்சிக் கூண்டில் ஏறும் சாதாரண மனிதருக்குத் தெரியுமா? ஊழியர் மனப்பாடமாகக் ‘கடவுள் அறிய’ என்று ஆரம்பித்தால் அவரும் பின்னாலேயே சொல்லிவிட்டுப் போகிறார். உறுதி மட்டும் கூறலாம் என்று சட்டம் சொல்வதை எடுத்துச்சொல்ல அங்கே யாரும் இல்லை. தெரிந்தவரும், நீதிபதி முன்னால் வம்பு எதற்கு என்று வாயை மூடிக்கொள்கிறார். சட்டம் தந்த சமத்துவம் கூண்டு வரைக்கும் வந்துசேரவில்லை.

அதே நீதிமன்ற வளாகத்தில் இன்னொரு காட்சியும் உண்டு. நெற்றி நிறைய திருநீறு பூசியவர், குல்லா அணிந்தவர், சிலுவைச் சங்கிலி போட்டவர் எல்லோரும் பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள். தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் தாக்கலாகும் அந்தப் பத்திரங்கள், மனமார உறுதி கூறி உண்மையைத் தெரிவிப்பதாகத்தான் வழக்கமாகத் தொடங்குகின்றன. கடவுள் இல்லை. ஜனவரி 30 அன்று அரசு அலுவலகங்களில் எல்லோரும் எழுந்து நின்று எடுக்கும் தீண்டாமை ஒழிப்பு உறுதிமொழியிலும் கடவுள் இல்லை. இதனால் தன் பக்தி குறைந்துவிட்டதாக எந்த ஊழியரும் புகார் சொன்னதில்லை. பொய்ப் பத்திரம் தந்தாலும், கூண்டில் ஏறிப் பொய் சொன்னாலும் தண்டிப்பது சட்டம். நீதிமன்ற நடவடிக்கையில் பொய்ச் சாட்சியத்துக்கு ஏழாண்டு வரை சிறை என்கிறது பாரதிய நியாய சன்ஹிதாவின் 229-வது பிரிவு. ஆண்டவன் மீது ஆணையிட்டவருக்கு ஒரு தண்டனை, உளமாரச் சொன்னவருக்கு இன்னொன்று என்று அதில் பாகுபாடு இல்லை.

எனவே, செய்ய வேண்டியது புரட்சி எதுவும் இல்லை. சாட்சி கூண்டேறும் முன்பே இரண்டு வாசகங்களும் அச்சிட்ட அட்டையைக் கையில் கொடுத்து, எது வேண்டும் என்று கேட்க வேண்டும். எல்லோரிடமும் கேட்க வேண்டும். பலர் சேர்ந்து ஒரே குரலில் எடுக்கும் உறுதிமொழிகள், முகப்புரையைப் போல, எல்லோரும் சொல்லக்கூடிய வாசகத்திலேயே இருக்க வேண்டும். கட்சிகள் தங்கள் உறுப்பினர்களின் பிரமாணத்தில் தலையிடுவதை நிறுத்த வேண்டும். அமைச்சர்கள் எதன் பெயரால் பொறுப்பேற்றார்கள் என்று எண்ணுகிற ஊடகங்கள், அச்சமோ சலுகையோ விருப்போ வெறுப்போ இன்றிப் பணியாற்றுவேன் என்று அவர்கள் அடுத்துச் சொன்னதை ஐந்தாண்டுக்கும் எண்ணிக்கொண்டே வரட்டும்.

கடவுளைச் சாட்சிக்கு அழைக்கும் உரிமை நம்புகிற மனிதருக்கு உண்டு. அதைப் பறிக்க எந்த நாத்திகருக்கும் அதிகாரமில்லை. ஆனால், அரசுக்கு அந்த உரிமை இல்லை. பொய் சொல்பவரைப் பிடிக்கப் போலீஸும் நீதிமன்றமும் சிறையும் வைத்திருக்கிற ஓர் அரசு, அவற்றைக்கொண்டு தன் வேலையைச் செய்யட்டும். அந்த வேலையைக் கடவுளின் தலையில் கட்டுவதைக் குவேக்கர்களும் கிளாட்ஸ்டனும் விரும்பவில்லை. 1840-க்கு முன்பு கங்கை நீரைத் தொட மறுத்த எளிய இந்துவும் விரும்பவில்லை. நாத்திகர்கள் இன்று கேட்பது, இந்தப் பக்தர்கள் என்றோ கேட்டதைத்தான்.